ஒட்டவைக்கும் நெருப்பு கழற்றியும் கொடுக்கும்!

போல்ட்டின் தலை கையில் இருக்கிறது. உடல் என்ஜினுக்குள் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நேயர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், வாசற்கதவின் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துபோன நிலைமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்று. மாலை ஐந்து மணி. பத்தடி அகலமுள்ள வெல்டிங் பட்டறையின் முன்னால், ஒருவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார். ஆபீஸிலிருந்து நேரே வந்திருக்கிறார். கழுத்தில் தொங்கும் அடையாளச் சீட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. முகத்தில் வியர்வை.

“மேஸ்திரி, சைலன்ஸர் போல்ட்டு முறிஞ்சு போச்சு. என்ஜினை இறக்கி டிரில் போட்டுத்தான் எடுக்கணுமாம். ரெண்டு நாள் ஆகும்னு சொல்றாங்க.”

“என்ஜினை எதுக்கு சார் இறக்கணும்? அப்படி ஓரமா நில்லுங்க. வெளிச்சத்தைப் பார்க்காதீங்க.”

முறிந்த போல்ட்டை எடுக்க உலகத்தில் முறையான கருவி இல்லாமல் இல்லை. போல்ட்டின் நடுவில் துளையிட்டு, அந்தத் துளையில் இடது மரை வெட்டிய ஒரு கூம்பைத் திருகினால், திருகத் திருக அது கவ்விக்கொள்ளும். பிறகு போல்ட்டையும் சேர்த்துக் கழற்றிவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூம்பு கடினமான எஃகு. துருப்பிடித்த போல்ட்டில் பலத்தைக் காட்டினால் அதுவும் உள்ளே முறியும். அப்புறம் அதன்மேல் எந்த டிரில்லும் ஏறாது. பட்டறைக்காரர்கள் பலர் அதை வாங்கி வைப்பதே இல்லை.

மேஸ்திரி முதலில் வண்டியின் பாட்டரி வயர்களைக் கழற்றினார். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில், பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுப்பதே ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். வெல்டிங் மின்சாரம் அதன் பக்கம் எட்டிப் பார்த்தால், போல்ட்டு வந்துவிடும், வண்டி கிளம்பாது! பிறகு எர்த் கிளிப்பைப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே, சுத்தமாகச் சுரண்டிய இடத்தில் மாட்டினார். எங்கேயோ சக்கரத்தருகில் மாட்டிவிட்டால், மின்சாரம் பேரிங்குகளின் வழியே ஓடி, குண்டுகளில் அம்மைத் தழும்பு போலக் குழி விழச் செய்துவிடும். இது புத்தகத்திலும் இருக்கிறது. அவர் புத்தகம் பார்த்துக் கற்றதாகத் தெரியவில்லை.

பின்பு ராடின் நுனியை முறிந்த தண்டின் முகத்தில் ஒரு கணம் தொட்டார். நீல வெளிச்சம். எடுத்தார். மறுபடி ஒரு கணம். இப்படிப் பொட்டுப் பொட்டாக வைத்து, பள்ளத்துக்குள் கிடந்த தண்டுக்கு ஒரு புதிய கழுத்தை வளர்த்தார். என்ஜினின் தலை அலுமினியம். எஃகு ராடு அலுமினியத்தில் ஒட்டுவதில்லை. ஆகவே கை சற்றே தவறினாலும் சுவரோடு பிணைந்துவிடும் என்ற பயம் இல்லை. தண்டு இருப்பது வார்ப்பிரும்பில் என்றால் கதை வேறு. அப்போது நடுவில் ஒரு வாஷரையோ செப்புத் தகட்டையோ வைத்துத்தான் வேலை தொடங்க வேண்டும்.

கழுத்து வளர்ந்ததும் ஒரு பழைய நட்டை அதன்மேல் கவிழ்த்து, நட்டின் ஓட்டைக்குள் ராடை இறக்கி நிரப்பினார். இப்போது முறிந்த போல்ட்டுக்குப் புதுத் தலை முளைத்துவிட்டது!

உடனே ஸ்பேனர் போடவில்லை. சிவப்பு அடங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பூஜைக்கு வாங்கியதில் மிச்சம் போலிருந்த ஒரு மெழுகுவத்தியை எடுத்து, சூடான மரையின் ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. அப்புறம் ஸ்பேனர். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். “க்ரீச்” என்று ஒரு சத்தம். கழன்றது.

மொத்தம் இருபது நிமிஷம்.

வண்டிச் சக்கரத்தின் பாடம்

வெல்டிங் என்றால் ஒட்டவைப்பது என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறோம். இங்கே அது கழற்றி அல்லவா கொடுத்தது? இது எப்படி?

புதுத் தலை கிடைத்தது பாதிக் காரணம்தான். மறுபாதி உஷ்ணம். எஃகு ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேட் சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு வளரும். 100 மில்லிமீட்டர் கம்பியை 500 டிகிரி சூடேற்றினால் 0.6 மில்லிமீட்டர் நீளும். இது ஒன்றும் பெரிய வளர்ச்சி இல்லைதான். ஆனால் மரைக்குள் இறுகிக் கிடக்கும் தண்டுக்கு அவ்வளவு இடம்கூட இல்லையே! வளரவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், அது தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. சூடு ஆறும்போது பழைய பருமனுக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. இடையில் இருந்த துரு பொடிந்து உதிர்கிறது. அந்த மயிரிழை இடைவெளிதான் மேஸ்திரிக்கு வேண்டியது. சிவப்பு அடங்கக் காத்திருந்தாரே, அது இதற்காகத்தான். அவசரக்காரர்கள் சிவப்பாக இருக்கும்போதே திருகி, புதுத் தலையையும் முறித்துவிடுகிறார்கள்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சக்கரத்தைவிடப் பட்டை கொஞ்சம் சிறியதாக இருக்கும். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீரைக் கொட்டுவார்கள். புகை மண்டலத்துக்கு நடுவே பட்டை சுருங்கி, ஆரக்கால்களையெல்லாம் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி கூட அவசியமில்லை. கொல்லருக்கு அந்தச் சுருக்கம் இறுக்கப் பயன்பட்டது. மேஸ்திரிக்கு அதே சுருக்கம் தளர்த்தப் பயன்படுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னையின் தெற்குப் பகுதியில் இப்படிப்பட்ட வைத்தியத்துக்கு வேலை அதிகம். காரணம், கடல். சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் வாசிகளைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், தண்ணீர் மோட்டாரின் போல்ட்டு எதுவும் உப்புக் காற்றுக்குத் தப்புவதில்லை. பெயின்ட் அடித்த மறு வருஷமே துரு எட்டிப் பார்க்கிறது. தெற்குக் கரையில் ஒரு பட்டறை பட்டினி கிடக்காமல் இருக்க, ஒட்டும் வேலையைவிடக் கழற்றும் வேலையே உதவுகிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

கழலாத வளையம்

போல்ட்டாவது வெளியில் தெரியும். இன்னொரு சங்கடம் உண்டு: பேரிங்கின் வெளி வளையம். குண்டுகளும் உள் வளையமும் உதிர்ந்துபோக, வெளி வளையம் மட்டும் ஒரு முட்டுக் குழிக்குள் இறுகிக் கிடக்கும். பின்பக்கம் துளை இல்லாததால் தட்டித் தள்ள முடியாது. முன்பக்கம் விளிம்பு இல்லாததால் இழுக்கவும் முடியாது. இதற்கென்று உள்ளே விரிந்து பிடிக்கும் புல்லர் விற்கிறார்கள். அளவுக்கு ஒன்று வாங்கினால் பட்டறையின் மாத வாடகை போய்விடும்.

வெல்டர் என்ன செய்கிறார்? வளையத்தின் உட்புறச் சுவரில் சுற்றிலும் ஒரே ஒரு வரி வெல்டிங் போடுகிறார். எதையும் எதோடும் ஒட்டவில்லை, வெறும் வரி! பிறகு ஒரு பீடி பிடிக்கும் நேரம். உருகிப் படிந்த உலோகம் ஆற ஆறச் சுருங்கி, வளையத்தை உள்பக்கமாக இழுக்கிறது. இறுக்கத்துக்குக் காரணமாக இருந்ததே சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். அது போய்விட்டால் பிடிப்பு ஏது? கூட்டைக் கவிழ்த்தால் வளையம் “டங்” என்று தரையில் விழும். முதன் முறை பார்ப்பவர்கள் இதை மாயாஜாலம் என்றே நினைப்பார்கள்.

வளைந்த கம்பியை நிமிர்த்துவதும் இந்த வகைதான். சம்மட்டி வேண்டாம். முதுகு புடைத்திருக்கும் பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் கியாஸ் சுடரால் சிவக்கவைத்து ஆறவிட்டால், அந்தப் பக்கம் சுருங்கிக் கம்பியை நேராக்கும். எங்கே சுடவேண்டும், எவ்வளவு அகலம் சுடவேண்டும் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இடம் மாறினால் கோணல் இரட்டிப்பாகும்.

கடையில் கிடைக்காத கருவி

“ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்” என்று ஒரு பழமொழி உண்டு. பட்டறையில் அது முழுக்க நியாயமில்லை. கூடம் சில சமயம் உண்மையாகவே கோணலாகத்தான் இருக்கிறது! என்ஜினைக் கட்டியவர் ஒரு நட்டை எட்டாத மூலையில் வைத்துவிட்டால், எந்த ஸ்பேனரும் போகாது. அப்போது ஒரு பழைய ஸ்பேனரை நடுவில் அறுத்து, வேண்டிய கோணத்தில் திருப்பி, மறுபடி பற்றவைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு நட்டுக்கென்றே பிறந்த ஸ்பேனர் அது. குழாயின் நுனியில் நட்டை வைத்துப் பற்றவைத்தால் ஒரு விதக் கருவி. இரும்புப் பட்டையில் மூன்று துளையிட்டு, நடுத் துளையில் நட்டைப் பற்றவைத்து, நீளமான போல்ட்டைத் திருகினால் சக்கரம் இழுக்கும் புல்லர். லாரியின் பழைய வில் பட்டை உளியாக மாறும்.

ஒரு பட்டறையின் சுவரைப் பார்த்தாலே அங்கே என்னென்ன வண்டிகள் வந்து போயின என்று சொல்லிவிடலாம். பெயரில்லாத அந்தக் கருவிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலிலும் அவை இருக்காது. மேஸ்திரி இல்லாத நாளில் எது எதற்கென்று யாருக்கும் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. நல்ல ஸ்பேனர் என்பது கலப்பு எஃகைப் பக்குவமாகச் சூடேற்றித் தணித்துச் செய்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கெட்டுவிடும். கண்ணாடி போல நொறுங்கக்கூடும். ஆகையால் இந்தக் கருவிகளை முழு உடல் பலத்துடன் இழுக்கக் கூடாது. சறுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர்கள் பட்டறைகளில் உண்டு.

வேண்டிய சாமான்கள் கிடைக்காதபோது புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. கூவம் ஓரத்திலுள்ள அந்தப் பழைய மோட்டார் உறுப்புச் சந்தையில், எடைக்கு வாங்கிய இரும்பு மயிலாப்பூரில் கருவியாக மறுஜன்மம் எடுக்கிறது.

எம்டன் காலத்து வெல்டிங்

இவையெல்லாம் ஏழை நாட்டின் ஒட்டுப்போடும் புத்தி என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. பட்டறையில் எரியும் அந்த வெல்டிங் ராடே அப்படிப்பட்ட புத்தியில் பிறந்ததுதான்.

ஸ்வீடன் தேசத்தில் ஆஸ்கார் ஷெல்பெர்க் என்று ஒரு கப்பல் என்ஜினீயர் இருந்தார். அந்தக் காலத்துக் கப்பல் பாய்லர்கள் ரிவெட் அடித்துச் செய்தவை. ரிவெட்டைச் சுற்றி எப்போதும் கசியும். கசிவை அடைக்கச் சரியான வழி இல்லை. மின்சாரப் பொறியால் இரும்புக் கம்பியை உருக்கி அடைத்துப் பார்த்தார். காற்றுப் பட்டு உலோகம் பொத்தல் பொத்தலாயிற்று. கம்பியை ஒரு தாதுக் குழம்பில் தோய்த்துக் காயவைத்து எரித்தார். பூச்சு எரிந்து புகைப் போர்வையாகி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காத்தது. இன்று உலகமெங்கும் எரியும் பூச்சு ராடுகளுக்கு அதுதான் முன்னோடி. 1904இல் அவர் கோதன்பர்க் நகரில் தொடங்கிய ‘ஈசாப்’ கம்பெனியின் இந்தியக் கிளைக்குத் தலைமையிடம் நம் சென்னையிலேயே, அம்பத்தூரில் இருக்கிறது.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது. “அவன் சரியான எம்டன்” என்று சொல்லும் வழக்கத்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அதே யுத்தத்தில், அமெரிக்கத் துறைமுகங்களில் பல ஜெர்மானியக் கப்பல்கள் அடைபட்டுக் கிடந்தன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் குதித்துக் கப்பல்களைக் கைப்பற்றியது. ஏறிப் பார்த்தால் ஒரே நாசம்! ஜெர்மானிய மாலுமிகள் என்ஜின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்து நொறுக்கியிருந்தார்கள். புதிதாக வார்த்துப் பொருத்த ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்று கணக்குப் போட்டார்கள் நிபுணர்கள். வார்ப்பிரும்பில் மின்சார வெல்டிங் செய்வதை அப்போது பலர் நம்பவே இல்லை.

வேறு வழி இல்லாததால் அதையே செய்தார்கள். உடைந்த இடங்களில் எஃகுத் துண்டுகளை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்து, என்ஜின்களை ஓட்டிக் காட்டினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் கப்பல்கள் கடலுக்குப் போய்விட்டன. அவற்றில் ஏறி ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 5 லட்சம் பேர். வெல்டிங்கை ஒட்டுவேலை என்று ஒதுக்கியவர்கள் அதன் பிறகுதான் அதற்கு நாற்காலி போட்டார்கள்.

நம் ஊரிலும் அதற்கு நாற்காலி கிடைக்க அதிக காலமாகவில்லை. 1955இல் பிரதமர் நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்தின் உதவியுடன், முழுக்க வெல்டிங்கால் இணைத்த எஃகுப் பெட்டிகளைக் கட்டியது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது.

சாம்பலில் தூங்கும் இரும்பு

தியாகராய நகரில் தையற்காரர்களுக்குப் பஞ்சமில்லை. காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரத்தின் கால் சட்டம் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் விரிசல். புதுச் சட்டம் தேடிப் போவதைவிட வெல்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போவது சுலபம். ஆனால் வார்ப்பிரும்பு ஒரு கோபக்கார உலோகம். அதில் கரி நூற்றுக்கு 2 முதல் 4 பங்குவரை இருக்கிறது. ஓரிடத்தை மட்டும் திடீரென்று சூடேற்றினால், குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றியதுபோல் ‘டப்’ என்று பிளக்கும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும்.

இதற்கென்று நிக்கல் ராடு இருக்கிறது. விலை சாதாரண ராடைப்போல் பல மடங்கு. ஆகவே பழைய மேஸ்திரிகள் செய்வது இதுதான்: சட்டம் முழுவதையும் கரி அடுப்பின்மேல் வைத்து நிதானமாகச் சூடேற்றுகிறார்கள். வெல்டிங் முடிந்ததும், சூடு இருக்கும்போதே காய்ந்த மணலிலோ சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்துவிடுகிறார்கள். இரவு முழுவதும் அது அங்கே தூங்கும். காலையில் எடுத்தால் விரிசல் இருக்காது. அவசரமாகக் கேட்டு வரும் வாடிக்கைக்காரரிடம், “நாளைக்கு வாங்க சார், அது தூங்குது” என்பார்கள்.

பித்தளை வைத்துப் பற்றவைப்பது இன்னொரு வழி. பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும். வார்ப்பிரும்புக்கு 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பை உருக்காமலே ஒட்டவைக்கலாம் என்பதால் கோபத்தைக் கிளறாமல் காரியம் முடிகிறது. இதற்குக் கியாஸ் வெல்டிங் வேண்டும். பிராணவாயுவும் அசிட்டிலினும் சேர்ந்து எரியும் சுடர். அசிட்டிலின் வருவது கார்பைடு கல்லிலிருந்து. மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்கவைக்கிறார்களே, சட்டம் தடுத்திருந்தும்? அதே கல்தான். கல் தன் முறையான வேலையைச் செய்யுமிடம் வெல்டிங் பட்டறை.

கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தின் பல் சக்கரத்தில் ஒரு பல் போய்விட்டால், வெல்டிங் பொட்டுகளை அடுக்கிப் புதுப் பல் கட்டுவதும் உண்டு. பக்கத்துப் பல்லின் வடிவத்தை ஒரு தகரத்தில் வெட்டி, அதை வைத்துப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவுவார்கள். பல் வைத்தியரின் பொறுமை வேண்டும். ஒரு கோடைக்குத் தாங்கும்.

எதைத் தொடக் கூடாது?

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெல்டிங்கில் மேல் பார்வை ஏமாற்றும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், ‘ஸ்கெனெக்டடி’ என்ற புத்தம் புதிய கப்பல், கரையோரம் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே நடுவில் பிளந்தது. வெல்டிங்கால் இணைத்த கப்பல் அது. ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டின் விரிசல் அந்தத் தகட்டோடு பெரும்பாலும் நிற்கும். பற்றவைத்த கப்பல் ஒரே துண்டு. விரிசலைத் தடுக்க அங்கே யாருமில்லை. பெரிய கப்பலுக்கே அந்தக் கதி என்றால், பிரேக் மிதியும் ஸ்டியரிங் தண்டும் எம்மாத்திரம்? நாலு இடத்தில் ராடு வைத்து, அரத்தால் ராவி, பெயின்ட் அடித்துவிட்டால் புதிது போலத்தான் இருக்கும். அதை நம்பி ஒரு குடும்பம் வண்டியில் ஏறும்.

கண்ணின் கதையோ தினசரிக் கதை. வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த கதிர்கள் உண்டு. பார்த்தபோது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுநிசியில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும். நீர் கொட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். பலர் உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். சிலர் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விட்டுக்கொள்கிறார்கள். இது ரொம்பவும் அபாயம்; கருவிழியையே கெடுத்துவிடும். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இதே ஊரில்தான் இருக்கிறது.

தகுந்த கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடிதான் முறை. சாதாரண வேலைக்கு 10, 11 எண் கண்ணாடி போதும். 14ஆம் எண் இன்னும் கறுப்பு. அதன் வழியே சூரிய கிரகணம்கூடப் பார்க்கலாம். 2019 டிசம்பர் 26ஆம் தேதி தமிழ்நாட்டில் தெரிந்த வளைய கிரகணத்துக்கும் அது ஏற்றதே. வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இரண்டுக்கும் உதவாது. சரியான கருவி இல்லாதபோது சமாளிக்கலாம் என்ற விதி ஸ்பேனருக்குச் செல்லும், கண்ணுக்குச் செல்லாது. ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கும் கடைகளில்கூட முகமூடி ஆணியில்தான் தொங்குகிறது. “பொட்டு வைக்கிற வேலைதானே, அதுக்கு எதுக்கு?” என்பார்கள். தலையைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள்.

துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்தால் வெண்புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் சாயங்காலம் மலேரியா போலக் குளிர் காய்ச்சல். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. பால் நல்லதுதான்; புகைக்கு அது மாற்று அல்ல. காற்றோட்டமான இடமும், பூச்சை முதலில் சுரண்டி எடுப்பதும்தான் மாற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் காலி டாங்க். பெட்ரோல் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க் கொடியது என்றால் பலர் சிரிப்பார்கள். திரவமாக இருக்கும் பெட்ரோல் வெடிப்பதில்லை, ஆவிதான் வெடிக்கிறது. காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழரைப் பங்கு கலந்திருந்தால் ஒரு பொறி போதும். காலி டாங்கின் அடியிலுள்ள இரண்டு ஸ்பூன் பெட்ரோல் அதற்குத் தாராளம். கழுவினாலும் மூட்டுகளின் இடுக்கில் மிஞ்சியது, வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெளியே வரும். எண்ணெய் டிரம்முக்கும் இதே கதைதான்.

கச்சேரி ரோட்டுச் சந்தில், அன்று மாலை போல்ட்டுக்காரர் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். கழன்ற தண்டையும் அதன் புது நட்டுத் தலையையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். வீட்டில் காட்டுவதற்காம்.

அவர் போனதும் இன்னொருவர் வந்தார். கையில் ஒரு ஸ்கூட்டர் டாங்க்.

“அடியிலே ஊசி முனை ஓட்டை மேஸ்திரி. ஒரே ஒரு பொட்டு வைச்சா போதும். நல்லா கழுவிட்டேன். வாசனைகூட இல்லை, பாருங்க.”

மேஸ்திரி டாங்கைக் கையில் வாங்கவே இல்லை.

“டாங்க் வேலை நான் செய்யறதில்லை சார். பசை வாங்கி அடைச்சுக்குங்க. இல்லேன்னா புதுசு வாங்குங்க.”

“நூறு ரூபா சேர்த்துத் தரேன்.”

“அதுக்கில்லை சார்.”

வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு, லஸ் பக்கம் இன்னொரு பட்டறை இருக்கிறதா என்று பக்கத்து டீக்கடையில் கேட்டுக்கொண்டே நடந்தார்.